ஆசையை ஒளிக்கத் தெரியாத முகம்

நியூயார்க்கில் ஒரு மாபெரும் பல்பொருள் அங்காடி. தந்தையிடமிருந்து பொறுப்பை ஏற்றுக்கொண்ட இளம் முதலாளி முதல்முறையாகத் தன் கடைத்தளத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறான். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் விற்பனைப் பெண்கள் எல்லோருக்கும் அவனைப் பிடித்திருக்கிறது, ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் ஓரக்கண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கண்ணை அகலத் திறந்து, கடை ஜன்னலில் பொம்மையைப் பார்த்துவிட்ட குழந்தையைப் போல, "கிறிஸ்துமஸ் தாத்தாவே, எனக்கு இவனைக் கொடு" என்று வேண்டிக்கொள்கிறாள். ஊமைப்படமாகையால் அந்த வேண்டுதல் எழுத்துப் பலகையாகத்தான் திரையில் வருகிறது. ஆனால் பலகை வருவதற்கு முன்பே அந்த முகம் அதைச் சொல்லி முடித்துவிட்டதால், படிப்பதற்கு மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. அந்த முகம் கிளாரா போவுடையது. படத்தின் பெயர் 'இட்'.

1927ஆம் ஆண்டில் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட இந்தப் படம் ஏறத்தாழ எழுபத்திரண்டு நிமிடங்கள் ஓடும். இயக்கியவர் கிளாரன்ஸ் பேட்ஜர். மாக் சென்னட்டின் நகைச்சுவைப் படக்கூடத்தில் தொழில் பழகியவர் என்பதால், ஒரு காட்சி எப்போது முடிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதையும் அவர் நீட்டுவதில்லை. தலைப்பைத் தமிழில் 'அது' என்று பெயர்த்தால், அதில் இருக்கும் குறும்பு சேதாரமில்லாமல் வந்துவிடுகிறது. "அந்தப் பெண்ணிடம் அது இருக்கிறது" என்று நம் வீட்டுக் கூடத்தில் யாராவது சொன்னால், பெரியவர்கள் தொண்டையைச் செருமிப் பேச்சை மாற்றுவார்கள். 1927இல் அமெரிக்காவிலும் ஏறக்குறைய அதே செருமல்தான் கேட்டிருக்கும். அந்தச் செருமலை நம்பித்தான் படமே விற்கப்பட்டது. களை, லட்சணம், வசீகரம் என்று நம்மிடம் இருக்கும் சொற்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் 'அது' அளவுக்குப் பொருந்தவில்லை.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது மிக மோசமான ஒரு பிரதியில். ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றிய வேகத்துக்கும் பிற்கால ஒளிபரப்பு வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்யாமல் ஓட்டியிருந்ததால், எல்லோரும் எறும்புப் புற்றில் கால் வைத்தவர்களைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் வெளுத்துப்போய், கதாநாயகியின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. இதற்கா இத்தனை பேச்சு என்று மூடி வைத்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து, சீர்படுத்தப்பட்ட பிரதி ஒன்றைச் சரியான வேகத்தில் பார்த்தபோதுதான், முன்பு நான் பார்த்தது இந்தப் படமே அல்ல என்பது புரிந்தது. அப்படி ஒரு பிரதி நமக்குக் கிடைப்பதே அதிர்ஷ்டம்தான். பல ஆண்டுகள் இது அழிந்துபோன படமாகவே கருதப்பட்டு, 1960களில் பிராக் நகரில் நைட்ரேட் பிரதி ஒன்று, அதாவது அக்காலத்து எளிதில் தீப்பற்றும் படச்சுருளில் இருந்த பிரதி, அகப்பட்டது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி 2023 தொடக்கத்தில் இதன் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டதால், இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காட்டலாம். பார்ப்பவர்கள் கொஞ்சம் தேடி நல்ல பிரதியாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது முகத்தை நம்பி எடுத்த படம், முகம் தெரியாவிட்டால் படமே இல்லை.

இனி அந்த 'அது' எது என்ற கேள்விக்கு வரலாம். அந்தச் சொல்லை இந்தப் பொருளில் ரட்யார்ட் கிப்ளிங் 1904இலேயே ஒரு சிறுகதையில் பயன்படுத்தியிருக்கிறார் என்றாலும், அதை வணிகச் சரக்காக்கியவர் எலினார் கிளின் என்ற ஆங்கில நாவலாசிரியை. காதலும் மோகமும் கலந்த கதைகளால் பெயரும் அவப்பெயரும் ஒருசேர ஈட்டியவர் அவர். (டைட்டானிக் கப்பலில் உயிர் தப்பிய ஆடை வடிவமைப்பாளர் லூசில் டஃப் கார்டன் இவருடைய அக்காள். குடும்பத்தில் யாருக்குமே சாதாரணமாக வாழத் தெரியவில்லை போலிருக்கிறது.) 'காஸ்மோபாலிட்டன்' இதழில் அவர் எழுதிய கதைக்கும் இந்தப் படத்தின் கதைக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தும், அந்தச் சொல்லுக்காகவும் அவர் பெயருக்காகவும் பாரமவுண்ட் 50,000 டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், படத்துக்குள்ளேயே அந்த இதழ் வருகிறது. முதலாளியின் நண்பன் மான்டி அதைப் படித்துவிட்டு, கையில் இதழோடு கடை முழுவதும் யாரிடம் 'அது' இருக்கிறது என்று தேடி அலைகிறான். அதற்கு முன்பு கண்ணாடியில் தன்னையே பார்த்துத் தன்னிடம் இருப்பதாகத் தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறான். போதாக்குறைக்கு, உணவு விடுதிக் காட்சி ஒன்றில் எலினார் கிளின் தாமாகவே தோன்றி, ராஜமாதாவின் நடையோடு நடந்து வந்து விளக்கமும் கொடுக்கிறார். படத்துக்குள்ளேயே விளம்பரத்தைப் புகுத்துவது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி ஒரு நல்ல மருந்து.

அவருடைய விளக்கத்தில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, காந்தம் போல எல்லோரையும் இழுக்கும் சக்தி. மற்றொன்று, தன்மேல் முழு நம்பிக்கையும், பிறருக்குத் தன்னைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதைப் பற்றிய அலட்சியமும். முதல் பங்கில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒப்புக்கொள்ள முடியாமல் போகிறது. ஏனென்றால், இந்த விளக்கத்துக்கு உதாரணமாக நிறுத்தப்பட்ட பெண்ணிடம் அலட்சியம் என்பது மருந்துக்கும் இல்லை. அவள் ஆசைப்படுகிறாள், ஆசைப்படுவதை ஊருக்கே தெரியும்படி ஆசைப்படுகிறாள். கிடைக்குமா என்று தவிக்கிறாள், கிடைத்துவிட்டால் குதிக்கிறாள், பறிபோனால் உதட்டைக் கடிக்கிறாள். அலட்சியமாக இருப்பதாக அவள் பாசாங்கு செய்யும் இடங்கள்தான் படத்தின் சிறந்த நகைச்சுவை, அந்தப் பாசாங்கு நாலு விநாடிக்கு மேல் தாங்குவதில்லை என்பதால். எழுத்தாளர் சொன்ன இலக்கணத்தை நடிகை மீறிக்கொண்டே இருக்கிறாள். அந்த மீறலைத்தான் உலகம் 'அது' என்று எடுத்துக்கொண்டது.

கிளாரா போ அலட்சியமாக இருக்கக் கற்றுக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை. 1905 ஜூலை 29 அன்று புரூக்ளினில், வறுமையின் அடிமட்டத்தில் பிறந்தவர். தாய்க்கு மனநோய், மகள் நடிகையாகப் போகிறாள் என்று தெரிந்ததும், ஓர் இரவு அவள் உறங்கிக்கொண்டிருந்தபோது கழுத்தில் கத்தியை வைத்தவர். அந்த இரவுக்குப் பிறகு கிளாராவுக்கு வாழ்நாள் முழுவதும் சரியான உறக்கம் இருந்ததில்லை. 1921இல் திரைப்பட இதழ்கள் நடத்திய 'புகழும் பாக்கியமும்' என்ற போட்டிக்கு வேறு நல்ல உடை இல்லாமல் பழைய கட்டம்போட்ட உடையில் போய் நின்று, வென்றார். அதற்குப் பரிசாகக் கிடைத்த முதல் பட வாய்ப்பில் அவருடைய காட்சிகளை வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆயினும் விடவில்லை. 1925ஆம் ஆண்டில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார், பெரும்பாலும் குப்பை. 1926இல் விக்டர் ஃபிளெமிங் இயக்கிய படமொன்றில் தான் யார் என்று காட்டினார். 'இட்' வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

அவர் நடித்த பெட்டி லூ ஸ்பென்ஸ் என்ற விற்பனைப் பெண்ணின் அறையில், நெருக்கடியான குடியிருப்பின் ஜன்னலில், மாடிப்படியில் அவர் நடமாடும்போது அது செட் என்றே தோன்றுவதில்லை. ஏழையாக நடிப்பவர்கள் பொதுவாகப் பொருள்களைப் பத்திரமாகத் தொடுவார்கள். ஏழையாக வளர்ந்தவர்கள் அவற்றைப் பயன்படுத்துவார்கள். கிளாரா போ பயன்படுத்துகிறார்.

அதற்கு உடை வெட்டும் காட்சியை விடச் சான்று தேவையில்லை. முதலாளி சைரஸ் வால்தம் அன்றிரவு ரிட்ஸ் விடுதியில் சாப்பிடப் போகிறான் என்று தெரிகிறது. அவனை நெருங்க வழியில்லாத பெட்டி லூ, தன்மேல் கண் வைத்திருக்கும் மான்டியைப் பிடித்து, தன்னை ரிட்ஸுக்கு அழைத்துப் போகச் செய்கிறாள். ரிட்ஸுக்குப் போடுவதற்கு உடை? கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் உடை ஒன்றுதான். ஆகவே அதையே, உடம்பில் இருக்கும்போதே, அறைத்தோழி மாலியின் உதவியோடு கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்குகிறாள். கழுத்து கீழே இறங்குகிறது. காலரும் கையும் போய்விடுகின்றன. துணிப்பூவும் சல்லாத் துணியும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வேலைக்காரச் சீருடை ஒரே நிமிடத்தில் விருந்து உடையாகிவிடுகிறது.

இந்தக் காட்சியை முப்பது ஆண்டுகளாகத் தையல் மெஷினோடு வாழ்ந்த என் சித்திக்கு ஒரு மாலை போட்டுக் காட்டினேன். மற்றவர்கள் எல்லாம் கிளாரா போவின் தோளைப் பார்த்த இடத்தில் அவர் கத்தரியைப் பார்த்தார். "உடம்புல போட்டுக்கிட்டே யாராவது வெட்டுவாங்களா? சதையில பட்டா என்ன ஆகும்?" என்றார் முதலில். பிறகு, "ஓரம் மடிச்சு அடிக்கல, ஒரு தடவ உக்காந்து எந்திரிச்சா பிசிறு கெளம்பிடும். ராத்திரி வரைக்கும் தாங்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணுக்கு என்ன அவசரம் பாரு" என்றார். நான் இந்தப் படத்தைப் பற்றிப் படித்த விமரிசனம் எதிலும் இதைவிடச் சரியான வாக்கியத்தைப் பார்த்ததில்லை. அலட்சியமாக இருப்பவள் ஓரம் மடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நேரம் கழித்துப் போவாள்.

வெளியே மான்டியின் சொகுசுக் கார் நின்றுகொண்டிருக்க, தன் வண்டியில் போகலாம் என்று சொல்லி அவனை மாடிப் பேருந்தில் ஏற்றுவதும் அதே அவசரக்காரிதான். மான்டியாக வரும் வில்லியம் ஆஸ்டின் இந்த இடங்களில் மிக நன்றாக இருக்கிறார். எலும்பே இல்லாதவர் போன்ற உடம்பு, எப்போதும் அரை நொடி தாமதமாகப் புரிந்துகொள்ளும் முகம். ரிட்ஸில் பணியாளர்களின் பார்வை அவள் உடைமேல் ஏறி இறங்குவதையும், அதை அவள் கவனித்துவிட்டுக் கவனிக்காதது போல நிமிர்ந்து நடப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முன்பு சொன்ன நாலு விநாடிப் பாசாங்கு இதுதான். சைரஸ் இருக்கும் மேஜை கண்ணில் பட்டதும் அது கழன்று விழுகிறது.

சைரஸ் அவளிடம் மயங்குகிறான். ஆனால் அவள் தன் கடையில் வேலை பார்ப்பவள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது உனக்கு என்னை அடையாளம் தெரியாது என்று அவள் பந்தயம் கட்டுகிறாள். மறுநாள் கடையில் அவன் தோற்கிறான். விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போகும் இந்த இடத்தில்தான் படத்தின் முள் இருக்கிறது. முதலாளியின் கண்ணுக்கு விருந்து உடையில் தெரிந்த பெண், கவுண்டருக்குப் பின்னால் நின்றால் தெரிவதில்லை.

பந்தயத்தில் வென்றதற்குப் பரிசாக அவள் கேட்பது வைர மோதிரமல்ல. கோனி ஐலண்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். புரூக்ளின் கடற்கரையில் இருக்கும், கூலிக்காரர்களும் குடும்பங்களும் வியர்வையோடு குவியும் பொழுதுபோக்கு மைதானம் அது. இங்கே பேட்ஜர் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறுமனே விளையாட விடுகிறார். சுழலும் தட்டில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக வீசி எறியப்படுகிறார்கள். உருளும் பீப்பாய்க்குள் நடக்கப் பார்த்து இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். சறுக்குமரத்தில் வழுக்கி வருகிறார்கள். ஹாட் டாக் தின்கிறார்கள். கஞ்சி போட்ட காலரோடு வந்த முதலாளி இந்தச் சுழற்சியில் தலைகலைந்து ஓர் ஆளாக மாறுவதை, வசனப் பலகைகளின் துணை தேவைப்படாமலே நாம் பார்த்துவிடுகிறோம். கிளாரா போ விழும்போது நடிகைகள் விழுவது போல விழுவதில்லை. பாவாடை என்ன ஆயிற்று என்று யோசிக்காமல், பொத்தென்று, சிரித்துக்கொண்டே விழுகிறார். அவர் பிறந்த ஊரின் கடற்கரை அது.

திரும்பி வந்து வாசலில் கார் நின்றதும் அவன் முத்தமிட முயல, பளார் என்று ஓர் அறை. பார்த்த நிமிடமே முத்தமிடலாம் என்று நினைக்கும் நிமிடக்காரனா நீ என்று கேட்கிறாள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் நிமிட அறிவிப்பில் திரண்ட படைவீரர்களின் பெயரைக் கொண்டு செய்த சிலேடை அது. தமிழில் பாதிதான் வருகிறது. ஆனால் அறைந்த கையோடு அவள் முகத்தைப் பாருங்கள். கோபம் நிஜம்தான், முத்தம் பிடித்திருந்தது என்பதும் நிஜம். இரண்டையும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று அழிக்காமல் வைத்துக்கொள்வது பெரிய பெரிய நடிகர்களுக்கும் கைவராத வித்தை.

அதன்பிறகு படம் ஓர் இருட்டுச் சந்துக்குள் நுழைந்து வருகிறது. நோயாளியான மாலிக்கு ஒரு கைக்குழந்தை. துணையாகக் கணவனும் இல்லை, வருமானமும் இல்லை. அக்கம்பக்கத்தவர்கள் மூக்கை நுழைக்க, குழந்தையை எடுத்துப்போக நலத்துறைப் பெண்கள் வந்துவிடுகிறார்கள். குழந்தை என்னுடையது என்று பெட்டி லூ சட்டென்று தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் பொறி பறக்கச் சண்டைக்கு நிற்கிறாள். அந்த நேரத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறவர்கள் மான்டியும், ஒரு பத்திரிகை நிருபரும். நிருபராக ஒரு சில விநாடிகள் தலைகாட்டும் அந்த நெட்டை இளைஞர், பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும் நட்சத்திரமான கேரி கூப்பர் என்பது ஒரு கூடுதல் மகிழ்ச்சி. பத்திரிகையில் செய்தி வருகிறது. சைரஸ் அதை நம்பிவிடுகிறான். விளைவு, அவளுக்கு வைரம் முதல் எல்லாம் தருகிறேன், கல்யாணம் மட்டும் கிடையாது என்று ஒரு 'ஏற்பாட்டை' முன்வைக்கிறான். குழந்தை பற்றிய செய்தி அவன் காதுக்குப் போனதே தெரியாத அவளுக்கு, இந்தப் பேச்சின் அர்த்தம் மெல்ல மெல்லப் புரிவதை அருகாமைக் காட்சியில் காட்டுகிறார்கள். முதலில் அவள் முகத்தில் மகிழ்ச்சி, ஏனென்றால் அவன் காதலைச் சொல்கிறான் என்று நினைக்கிறாள். பிறகு மகிழ்ச்சி அங்கேயே இருக்க, கண் மட்டும் மாறுகிறது. வேலையை உதறிவிட்டுப் போகிறாள். இலேசான பொழுதுபோக்குப் படம் என்று பெயர் வாங்கிய படத்தில், வர்க்கம் என்றால் என்ன என்பதை இந்த அளவு சிக்கனமாகச் சொல்லியிருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

உண்மை தெரிந்ததும் அவள் எடுக்கும் சபதம், அவனையே தன்னிடம் திருமணம் கேட்க வைத்து, கேட்டவுடன் முகத்துக்கு நேரே சிரிப்பது. மான்டியின் துணையோடு வான் கார்ட்லண்ட் என்ற பெரிய இடத்துப் பெண்ணாக வேடமிட்டு, சைரஸின் உல்லாசக் கப்பலில் ஏறுகிறாள். அவன் கேட்கிறான். உன்னைக் கட்டிக்கொள்வதற்கு உன் ஆபீஸ் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிச் சிரிக்கிறாள். சபதம் நிறைவேறிவிட்டது, நெஞ்சு உடைந்துவிட்டது. ஆசைப்பட்ட பொருளைக் கையில் கொடுத்தும் தட்டிவிட வேண்டியிருக்கிறதே என்ற துயரம் அந்தச் சிரிப்பின் அடியிலேயே தெரிகிறது. அலட்சியம்தான் 'அது' என்றால், அவள் உண்மையிலேயே அலட்சியத்தை நடித்து வெல்லும் இந்த ஒரே இடத்தில் அவள் மிக அழகாக இருந்திருக்க வேண்டும். இல்லை, இங்கேதான் அவள் பரிதாபமாக இருக்கிறாள்.

குறைகளும் உண்டு. சைரஸாக வரும் ஆன்டோனியோ மொரேனோ கம்பீரமானவர், அவ்வளவுதான். கோனி ஐலண்டில் மட்டும் உயிர் பெறுகிறார். அவனுக்கு நிச்சயிக்கப்படவிருந்த செல்வந்தர் வீட்டுப் பெண்ணுக்கு முகத்தைச் சுளிப்பதைத் தவிர வேலை கொடுக்கவில்லை. மாலியையும் குழந்தையையும் தேவை முடிந்ததும் கதை மறந்துவிடுகிறது. கடைசியில் மான்டி சுக்கானைப் பிடித்து மீன்பிடிப் படகில் மோத, இரு பெண்களும் கடலில் விழ, பதறித் திமிறும் போட்டிக்காரியின் முகத்தில் ஒரு குத்து விட்டு பெட்டி லூ காப்பாற்றுவது முழுக்க முழுக்க சென்னட் பட்டறைச் சரக்கு. கப்பலின் பெயர் 'இட்டோலா'. நங்கூரத்தின்மேல் நனைந்து உட்கார்ந்திருக்கும் காதலர் இருவருக்கும் நடுவே அந்தப் பெயரின் முதலிரண்டு எழுத்துகள் தெரியும்படி நிறுத்தி 'இட்' என்று காட்டுகிறார்கள். பார்வையாளனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற கவலை எல்லாக் காலத்து இயக்குநர்களுக்கும் இருந்திருக்கிறது.

இந்தப் படத்துக்குப் பிறகு கிளாரா போவின் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே ஆண்டு வெளிவந்த போர் விமானிகளின் படமொன்றிலும் அவர் நடித்தார். முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. ரசிகர் கடிதங்கள் ஒரே மாதத்தில் 45,000 வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். பிறகு பேசும்படம் வந்தது. 1929இல் அவருடைய முதல் பேசும்படத்தை இயக்கியவர் டாரதி ஆர்ஸ்னர். அந்நாளில் மைக்கை ஓரிடத்தில் ஒளித்து வைத்து, நடிகர்கள் அதன் அருகில் நின்று பேச வேண்டும். புரூக்ளின் உச்சரிப்பைப் பற்றிய கவலை ஒருபுறமிருக்க, கிளாராவால் நிற்கவே முடியவில்லை. அறையின் குறுக்கே ஓடிக்கொண்டே நடித்துப் பழகிய உடம்பு. ஆர்ஸ்னர் ஒரு தூண்டில் கழியின் நுனியில் மைக்கைக் கட்டச் சொல்லி, அவர் போகும் இடமெல்லாம் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போக வைத்தார். 1933இல், இருபத்தெட்டு வயதில், கிளாரா திரையை விட்டே விலகி, நெவாடாவில் கணவர் ரெக்ஸ் பெல்லோடு பண்ணையில் குடியேறினார். 1965இல் மறைந்தார்.

சித்தி அன்று உடை வெட்டும் காட்சியோடு எழுந்து போய்விட்டார். அடுப்பில் ஏதோ இருந்தது. நான் படத்தை ஓடவிட்டிருந்தேன். கோனி ஐலண்ட் முடிந்து, குழந்தை முடிந்து, கப்பல் கிளம்பிய நேரத்தில், கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார். திரையில் கிளாரா போ முற்றிலும் வேறு உடையில் இருந்தார். சித்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கறுப்பு டிரெஸ் என்னாச்சு, பிரிஞ்சிடுச்சா?"